ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு

ரஜிதா அந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டாம் கிழமைதான் இருக்கும். பின்னேரம், பாயில் குப்புறப் படுத்திருந்த லக்சிகாவின் பக்கத்தில் போய் இருந்து, கிளிநொச்சி ரவுனில் வாங்கி வந்த படப்புத்தகத்தை விரித்து, "ஒரு ஊரில ஒரு முயல் இருந்ததாம்" என்று தொடங்கினாள். லக்சிகா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள். புத்தகத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்குப் போனாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்து முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நல்லாயிருக்கு."

அந்த 'நல்லாயிருக்கு' ரஜிதாவுக்கு வடிவாக விளங்கியது. அவள் வேலை செய்கிற தையல் கடைக்கு வரும் பெண்கள், பிடிக்காத சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு இதையேதான் சொல்லுவார்கள்.

ரஜிதா நெடுங்கேணிக்காரி. முப்பத்தைந்து வயதுவரை ஒரு சம்பந்தமும் சரிவராமல், கிளிநொச்சியில் அறை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தவள். அவளைக் கட்டிய பிரதாபன் கண்டாவளையில் வயல் செய்கிறவன். அவனுடைய முதல் மனைவி நிசாந்தினி காய்ச்சலில் விழுந்து ஒரு கிழமைக்குள் போய்விட்டாள். அப்போது மகள் லக்சிகா பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. இப்போது நாலாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். ரஜிதாவைச் 'சித்தி' என்று கூப்பிட்டாள். அடம் இல்லை, சண்டை இல்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். தலையைத் தானே சீப்பால் இழுத்துக்கொண்டாள், உச்சி ஒருநாளும் நேராக வராவிட்டாலும். ஒரு விருந்தாளியைப் போல அந்தப் பிள்ளை தன் சொந்த வீட்டில் நடமாடியதுதான் ரஜிதாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நிசாந்தினியைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. "ஞாபகப்படுத்தினா பிள்ளை ஏங்கிப்போவாள்" என்று பிரதாபன் முதல்நாளே சொல்லியிருந்தான்.

லக்சிகா கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பாள். உரப்பையில் இருப்பதை வாசிப்பாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற கடதாசியை வாசிப்பாள். வடை சுற்றிவந்த பேப்பரை எண்ணெய் ஊறியதோடு விரித்து வைத்து, வெட்டுப்பட்ட செய்தியின் மிச்சம் எங்கே என்று தேடுவாள். புத்தகம் கொடுத்தால் மாட்டேன் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வாள். ரஜிதாவுக்கு அந்த ஒரு வழிதான் திறந்து கிடந்தது.

தையல் கடைக்கு நாலு கடை தள்ளிக் கமலாசனியின் புத்தகக் கடை இருந்தது. வாசலிலிருந்தே புலமைப்பரிசில் பரீட்சைப் புத்தகங்கள் முகட்டைத் தொடுமளவுக்கு அடுக்கிக் கிடக்கும். கதைப்புத்தகங்கள் கடைசித் தட்டில், கொப்பிக் கட்டுகளுக்குப் பின்னால். ரஜிதா அடுத்ததாக வாங்கியது அங்கேயிருந்ததில் தடித்த, மொத்தமான புத்தகங்களில் ஒன்று. பெரிய பிள்ளைகளுக்கானது என்று தெரியாமல் வாங்கிவிட்டாள். லக்சிகா இரண்டு நாள் அதனோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் அது மேசைக்கு வந்துவிட்டது.

"நல்லாயில்லையோ, பிள்ளை?"

"எழுத்து சின்னன். ஒரு சொல்லுக்கு நிண்டு நிண்டு போறதுக்குள்ள முன்னுக்கு நடந்தது மறந்துபோகுது."

சொல்லிவிட்டு நின்றாள். இன்னும் ஏதோ சொல்ல இருந்தது போல.

"ஆனா அத்தியாயம் அத்தியாயமாய் இருக்கிறது எனக்கு விருப்பம். இண்டைக்கு இவ்வளவு காணும் எண்டு நானே மூடி வைக்கலாம்."

ரஜிதாவோடு அவள் அதுவரை கதைத்ததில் அதுதான் நீளமான கதை. மறுநாள் கமலாசனியிடம் போய் ரஜிதா அதை அப்படியே ஒப்புவித்தாள். அத்தியாயங்கள் இருக்க வேண்டும், எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், இடைக்கிடை ஒரு படம் இருந்தால் நல்லது, ஆனால் சின்னப்பிள்ளைப் புத்தகம் மாதிரித் தெரியக்கூடாது.

கமலாசனி சிரித்தாள். "தங்கச்சி, சட்டைக்கு அளவு சொல்லுற மாதிரிச் சொல்லுறீர். வாசிச்சுப் பாத்து எடும். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

ரஜிதா பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தையும் முழுதாக வாசித்தவள் இல்லை. அவளுக்கும் எழுத்துக் கூட்டாத குறையாகத்தான் போகும். ஆனால் அதுவே வசதியாகப் போய்விட்டது. தான் தடக்குப்படுகிற இடத்தில் பிள்ளையும் தடக்குப்படுவாள் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். ஒரு பக்கத்தில் நாலைந்து தரம் தடக்குப்பட்டால் புத்தகத்தைத் தட்டில் வைத்துவிடுவாள். தடக்காமல் போனால் வாங்கி, பஸ்ஸில் வாசித்துக்கொண்டு வருவாள்.

அப்படி ஒரு பின்னேரம், உப்பு மூட்டை சுமக்கிற ஒரு கழுதையையும் அதை ஓட்டிப்போகிற ஒரு சிறுமியையும் பற்றிய புத்தகத்தோடு பஸ்ஸில் ஏறினாள். கழுதைக்கு நினைத்த இடத்தில் நின்றுவிடுகிற பழக்கம். ஒருதரம் கலியாண ஊர்வலத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை இறங்கி வந்து கழுதையைக் கும்பிடுகிறான். ரஜிதா வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து வெட்கப்பட்டாள். இறங்க வேண்டிய சந்தி எப்போது போனது என்றே தெரியவில்லை. நடத்துனர் "தர்மபுரம், தர்மபுரம்" என்று கத்தியபோதுதான் திடுக்கிட்டு எழும்பினாள். இந்தப் புத்தகம்தான், இதுதான் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றபடியே ஏழாம் அத்தியாயத்தை வாசித்தாள்.

ஏழாம் அத்தியாயத்தில் அந்தச் சிறுமியின் அம்மா காய்ச்சலில் செத்துப்போகிறாள்.

ரஜிதா புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்குப் போய் அதை வெளியே எடுக்கவில்லை. அடுத்தநாள் கமலாசனியிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வேற தாங்கோ, அக்கா. அம்மா சாகாத கதையாய்."

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று. கதைகளில் அம்மாக்கள் அநியாயத்துக்குச் சாகிறார்கள். சாகாவிட்டால் தொலைந்து போகிறார்கள். செத்த அம்மாவின் இடத்துக்கு ஒரு சித்தி வருகிறாள். அவள் பிள்ளைக்குப் பழஞ்சோறு போட்டு, விறகு பொறுக்க அனுப்புகிறாள்.

"அப்ப அம்மாவும் வேண்டாம், சித்தியும் வேண்டாம்" என்றாள் கமலாசனி. "மிருகங்கள்தான் மிச்சம், தங்கச்சி."

ஆகவே ரஜிதா மிருகங்களாக வாங்கினாள். ஆமையும் காகமும் கடலுக்குப் போனது, நரி ஒன்று தபால்காரர் ஆனது. ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம்வரை தானே பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். லக்சிகாவும் வாசித்தாள். சிலவற்றுக்குச் சிரித்தாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரஜிதா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கையில், கொடிக்கு மற்றப் பக்கத்தில் வந்து நின்றாள். காய்கிற சாரத்துக்கும் சீலைக்கும் இடையில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது.

"சித்தி, நீங்கள் கொண்டுவாற புத்தகத்தில ஏன் ஒருத்தருக்கும் அம்மா இல்லை?"

ரஜிதா கையில் இருந்த துணியை உதறினாள். உதறினதையே மறுபடியும் உதறினாள்.

"அடுத்தமுறை நீயும் வா, பிள்ளை. நீயே பாத்து எடு" என்றாள்.

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லக்சிகா கடைசித் தட்டுக்கு முன்னால் சப்பாணி கட்டி நிலத்தில் இருந்துவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். அட்டையைப் பார்ப்பதில்லை. நடுவில் எங்கேயாவது பிரித்து, உதட்டை அசைத்து ஒரு பக்கம் வாசிப்பாள். பிறகு மூடி வைப்பாள் அல்லது மடியில் வைப்பாள். ஒரு புத்தகத்தில் மட்டும் பக்கம் புரட்டி அடுத்ததையும் வாசித்தாள். பிறகு சிரித்தாள்.

"மாப்பிள்ளை கழுதையைக் கும்பிடுறார்" என்றாள். "எனக்கு இது."

கமலாசனி ரஜிதாவைப் பார்த்தாள். ரஜிதா பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். பொய் ஒன்று வாய்வரை வந்தது. தாள் கிழிந்திருக்கு, வேற எடுப்பம் என்று சொன்னால் அவள் மரியாதையாக வைத்துவிடுவாள். அந்த மரியாதையை நினைத்தபோது பொய் உள்ளே போய்விட்டது.

"பிள்ளை, அதில அந்தப் பெட்டையின்ர அம்மா செத்துப்போவா."

லக்சிகா புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தாள். "எத்தினையாம் அத்தியாயத்தில?"

"ஏழாம்."

அவள் விரலால் தாள்களைத் தள்ளித் தள்ளி ஏழாம் அத்தியாயத்தைக் கண்டுபிடித்தாள். வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"பிறகும் இவ்வளவு கதை இருக்குதோ?"

"ஓம்."

"பிறகு என்ன நடக்குது?"

"தெரியாது, பிள்ளை. நான் அதோட நிப்பாட்டிப்போட்டன்."

லக்சிகா அவளை முதல்தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீங்களோ? நிப்பாட்டினீங்களோ?"

"ஓம். எனக்குப் பயமாயிருந்தது."

"அப்ப இதையே எடுப்பம்" என்றாள் லக்சிகா.

மாமரத்தடியில் வாசிப்பு நடந்தது. ரஜிதா போகும்போதும் வரும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் லக்சிகா புத்தகத்தோடு குசினி வாசலுக்கு வந்து, உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு படியில் இருந்தாள். ரஜிதா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எந்த அத்தியாயம் என்று கேட்கத் தேவைப்படவில்லை. தாள் ஒன்று புரளும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. பிறகு சத்தமே இல்லை.

"சித்தி, அவவுக்கும் காய்ச்சல்தான்."

"ஓம், பிள்ளை."

"அந்தப் பிள்ளை அழவேயில்லை. கழுதைக்குத் தண்ணி வைக்கப் போகுது." புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "நானும் அழேல்லை. எல்லாரும் ஏன் அழேல்லை எண்டு கேட்டவை. எனக்குப் பசிச்சது, சித்தி. அண்டைக்கு முழுக்கப் பசிச்சது. அம்மா செத்தாப் பசிக்கக்கூடாது எண்டு நினைச்சு நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

ரஜிதா திருவின தேங்காய்ப்பூவில் ஒரு பிடி அள்ளி, சீனி போட்டுப் பிசைந்து, படியில் போய் அவள் பக்கத்தில் இருந்து நீட்டினாள். லக்சிகா கையால் வாங்கவில்லை. வாயைத் திறந்தாள். ஊட்டிக்கொண்டு இருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது. தேங்காய்ப்பூவை மென்றபடி, மூக்கு வடிய, விக்கி விக்கி அழுதாள். ரஜிதா தன் சீலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க ஊட்டினாள்.

வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த பிரதாபனுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஈரக்காலோடு வந்து படிக்குக் கீழே குந்தினான்.

"அப்பாவுக்குத் தெரியாமல் போச்சு, பிள்ளை" என்றான். "அண்டைக்கு அப்பாவுக்கு ஒண்டும் தெரியேல்லை."

பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவுக்கும் பசி பொறுக்காது" என்றான். "பொங்கலுக்குப் படைக்க முந்தியே ஒரு அகப்பை அள்ளித் திண்டிடுவா. என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுவா, சொல்லாதேங்கோ எண்டு."

லக்சிகா அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "மெய்யாவோ?"

"மெய்யாத்தான்."

"இன்னும் சொல்லுங்கோ."

அவன் சொன்னான். குழம்பு அடுப்பில் ஏற நேரமாகிவிட்டது. ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

எட்டாம் அத்தியாயத்திலிருந்து லக்சிகா ஒரு சட்டம் போட்டாள். "இனி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஒரு அத்தியாயம் வாசிச்சிட்டுத் தருவன். நீங்கள் முடிக்கும்வரைக்கும் நான் அடுத்ததுக்குப் போகமாட்டன்." ரஜிதா மெதுவாக வாசிக்கிறவள். லக்சிகாவுக்குப் பொறுமை பத்தவில்லை. ரஜிதா வீட்டில் தைக்கும்போது மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "முடிஞ்சுதோ? எவடத்தில நிக்கிறீங்கள்?" என்று அரிப்பாள். தலை இழுக்கும்போதும் அதே கேள்வி. தலையை ரஜிதாதான் இழுத்துவிட்டாள். அது எப்போது தொடங்கியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கழுதை கடைசியில் ஒரு நல்ல இடத்தில் போய் நின்றது. அந்தச் சிறுமி அங்கேயே ஒரு வேலை பழகி வளர்ந்தாள். ரஜிதாவுக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. லக்சிகாவுக்குப் பிடிக்கவில்லை. "கடைசி அத்தியாயத்தை அவசரமாய் முடிச்சுப்போட்டினம்" என்றாள். "நல்லாயிருக்கு" என்று அவள் சொல்லவில்லை என்பதில் ரஜிதாவுக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த மாதம் இருவருமாகக் கமலாசனியின் கடைக்குப் போனார்கள். லக்சிகா தனக்கு ஒன்றைச் சுறுக்காக எடுத்துவிட்டாள். ஆனால் எழும்பவில்லை. தட்டைத் துழாவிக்கொண்டே இருந்தாள். ஒன்றை எடுப்பாள், நடுவில் பிரித்து வாசிப்பாள், நெற்றியைச் சுருக்கி வைத்துவிடுவாள். ரஜிதா காத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவ்வளவு மொத்தமில்லாத ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து ரஜிதாவின் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு, சித்தி. எழுத்துப் பெரிசு, தடக்காது. கடல் வருது. யாழ்ப்பாணம் போகேக்க ஆனையிறவில தண்ணியைப் பாக்கிறதுக்கெண்டு நீங்கள் சீற்று மாறி யன்னல் பக்கம் இருந்தனீங்கள் எல்லோ?"

தனக்குத் தண்ணி பார்க்கப் பிடிக்கும் என்று ரஜிதா ஒருவரிடமும் சொன்னதில்லை. புத்தகத்தைப் புரட்டினாள்.

"இதில ஆரும் சாகினமோ, பிள்ளை?"

"நான் பாக்கேல்லை" என்றாள் லக்சிகா. "வாசியுங்கோ. நான் பக்கத்தில இருப்பன்."