மாரியம்மனுக்குக் கண் வைத்த பகல்

நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு. சிராங்கூன் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தனசேகரனுக்குப் பரமசிவம் தர வேண்டிய சாப்பாட்டுப் பாக்கி அது. ஈடாக அவன் பாஸ்போர்ட்டைத் தனசேகரன் மேசைக்குள் பூட்டி வைத்திருந்தான்.

பரமசிவம் ஊரிலிருந்து கடல் தாண்டிச் சினிமா பேனர் வரைய வந்தவன். கூட்டி வந்த கம்பெனி ஆறே மாதத்தில் கதவைச் சாத்திவிட்டது. கப்பலில் அரிசி மூட்டை இறக்கும் எனக்கு விடுதியில் பக்கத்துப் பலகையில் படுத்திருப்பான். வேறு யாரோடும் பேச மாட்டான். கரித்துண்டால் சுவரில் பெண்டாட்டி முகத்தைப் பாதி வரைந்து அழித்துவிடுவான்.

"முழுசா வரைஞ்சா இங்க இருக்க முடியாதுண்ணே" என்பான்.

ஊரிலிருந்து மாமனார் கப்பல் டிக்கெட் அனுப்பினார். வெள்ளிக்கிழமை கப்பல். பாஸ்போர்ட் கேட்டதற்குத் தனசேகரன், "கடைக்கு ஒரு மாரியாத்தா வரைஞ்சு குடு. பாக்கி போச்சு" என்றான்.

புதன்கிழமை மத்தியானம் கண் மட்டும்தான் மிச்சம். அன்று பரமசிவம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துணைக்கு நானும் போயிருந்தேன். படத்துக்கு எதிரே கண்ணாடியை நிறுத்தினான்.

"சாமியோட மொதப் பார்வை கண்ணாடியிலதான் விழணும். தள்ளி நில்லுங்க மொதலாளி."

தனசேகரன் கள்ளு குடித்திருந்தான். "என் காசுல வந்த சாமி, என்னைப் பாக்காம யாரைப் பாக்கும்? ரெண்டு புள்ளிக்கு இவ்வளவு பீத்தலா?"

தூரிகையைப் பிடுங்கி அவனே புள்ளி வைத்தான். ஒரு கண் மேலே, ஒரு கண் கன்னத்தில்.

"மாறுகண்ணு மாரியாத்தா லா!" என்று பரிமாறுகிற இருவரும் சிரித்தார்கள்.

பரமசிவம் பெயிண்ட் டப்பாவைத் தூக்கித் தனசேகரன் மூக்கில் அடித்தான். விழுந்தவன் மார்பில் ஏறி மறுபடி அடித்தான். பரிமாறுகிறவர்கள் அவனை இழுத்து அமுக்கினார்கள். அவன் வலது கையை அம்மியில் வைத்து, எழுந்து வந்த தனசேகரன் குழவியை இறக்கினான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. தனசேகரன் குழவியை மறுபடி தூக்கினான்.

மூட்டை இழுக்கும் கொக்கி என் இடுப்பில் இருந்தது. அதைத் தனசேகரன் தாடைக்கடியில் மாட்டி இழுத்தேன். தோல் கிழிந்தது.

"பாஸ்போர்ட்டை எடுடா."

மேசையைத் திறந்து தரையில் வீசினான். "தூக்கிட்டுப் போங்கடா. ஆனா வேலை முடியல. பாக்கி பாக்கிதான்."

"வாடா, போயிரலாம்" என்றேன்.

பரமசிவம் அசையவில்லை. "கடனோட கப்பலேற மாட்டேண்ணே."

டர்பன்டைன் துணியால் அந்த இரண்டு புள்ளிகளையும் துடைத்தான். வலது கை புறங்கை வீங்கித் தொங்கியது. இடது கையில் தூரிகையைப் பிடித்தான். கொக்கியைக் காட்டி எல்லாரையும் ஓரமாக நிறுத்தினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் வாயிலிருந்து முனகல் வந்தது. கோடு கோணினால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தான். பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

கடைசியில் கண் திறந்தது. அழகான கண்ணில்லை. சினம் பிடித்த கண். சிரித்தவர்கள் தோளிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்கள்.

"பாருங்க மொதலாளி. வேலை முடிஞ்சுதா?"

தனசேகரன் தாடையை அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்தான். படத்தைப் பார்த்த கண்ணை உடனே தாழ்த்திக்கொண்டான்.

"முடிஞ்சுது. ஒரு காசு பாக்கியில்ல. போ."