கொத்தமல்லி வாசம்

ஸ்கேன் படத்தில் ஃபஹீமாவின் தலைக்குள் வெந்த ஜவ்வரிசி போல வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. பன்றி நாடாப்புழுவின் கூடுகள் என்றார் டாக்டர். வலிப்பு அதனால்தான். சில மாதங்களாக அவளை அரிக்கும் சாவு எண்ணத்துக்கும் அது காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தனியே விடாதீர்கள் என்றார். அவள் கணவன் அப்துல் மஜீத் மனதில் அது எதுவும் ஏறவில்லை. பன்றி என்ற சொல்லிலேயே அவன் காது அடைத்துவிட்டது.

உக்கடத்து வீட்டில் அந்தச் சொல் நாற்றம்போலப் பரவியது. மஜீதின் தங்கை இஸ்மத் அன்றே ஃபஹீமாவின் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தாள்.

"தின்னாம எப்படிங்கண்ணா வரும்?" என்று ஃபஹீமாவின் காதில் விழும்படியே அண்ணனிடம் கேட்டாள்.

ஃபஹீமாவுக்கோ தன் உடம்பே அருவருத்தது. ரத்தம் கசியும்வரை தலையைத் தேய்த்தாள். இந்தத் தலையைத் தொழுகைப் பாயில் எப்படி வைப்பேன் என்று தொழுவதை விட்டாள். பிறகு சோற்றையும் குறைத்தாள்.

அடுத்த முறை டாக்டரிடம் இஸ்மத்தும் போனாள். இவள் எங்கே தின்றாள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். தின்றிருக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். வயிற்றில் புழு உள்ளவரின் மலத்தில் முட்டை போகும். சாக்கடைத் தண்ணீர் பாயும் கீரையில் அது ஒட்டும். கழுவாமல் பச்சையாகத் தின்றால் யாருக்கும் வரலாம்.

இஸ்மத்துக்குக் கொத்தமல்லி நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைப் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி அவள் பொறுப்பு. அதில் பச்சையாகத் தூவும் கொத்தமல்லியைக் கழுவினால் வாசம் போய்விடும் என்று கழுவவே விடமாட்டாள். வயலிலேயே வாங்குவது வேறு அவள் பெருமை.

மறுநாள் காலை அந்த வயலுக்குப் போனாள். இதுவரை வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கறுப்புத் தண்ணீர் நுரைத்து ஓடியது. கரையெல்லாம் மனித மலம், ஈ மொய்த்தது. அதே தண்ணீரில் வயல்காரர் கொத்தமல்லியைக் கட்டுக்கட்டாக முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கழுவிப்போட்டேனுங்க அம்மணி, அப்படியே நறுக்கலாம்" என்று நீட்டினார்.

இஸ்மத் வரப்பிலேயே வாந்தி எடுத்தாள்.

வீடு திரும்பியபோது ஃபஹீமா சுவரோரம் குறுகி உட்கார்ந்திருந்தாள். மாத்திரை குமட்டியது. இஸ்மத் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தினாள். வாந்தி சூடாக, புளித்த வாடையோடு, கை வழிந்து சேலையில் இறங்கியது.

"உடுங்க, அசிங்கம்" என்றாள் ஃபஹீமா.

"அசிங்கத்தை ஊட்டினதே நான்தான் மச்சி. நீங்க எதுவும் தின்னுபோடல." பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

ஃபஹீமா அன்று யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"இன்னிக்கும் செத்துப்போயிரலாம்னு இருந்துச்சு. நீங்க வரலைன்னா..."

இஸ்மத் கை கழுவக்கூட எழவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள். இதை இப்போதே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், மறைக்கிற சங்கதியில்லை என்றாள். ஃபஹீமாவிடம், இரவில் எப்போது அந்த எண்ணம் வந்தாலும் தன்னை எழுப்ப வேண்டும், இனி தன் பாய் இங்கேதான் என்றாள்.

ஆட்டோ வந்தது. வாந்தி நாறும் சேலையோடு இஸ்மத் முதலில் ஏறி, ஃபஹீமாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.