மூன்று லிட்டர்

திரேஸ்புரம் பிளாரன்ஸுக்கு வலது கை மோதிர விரல் வீங்கி மடங்கிப்போய் ஆறு மாசமாகிறது. இறால் உரிக்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்துமதி ஸ்கேன் பார்த்துவிட்டு, விரலை இழுக்கிற தசைநாரின் உறையில் யூரிக் ஆசிட் உப்பு படிந்திருக்கிறது என்றாள். அந்த உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை, உறை வீக்கத்தையும் வற்ற வைக்குமா என்று நாற்பது பேரை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பிளாரன்ஸும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தாள். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் கிட்னியில் கல் சேரும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள் டாக்டர்.

கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் பாத்ரூம். யார் எத்தனை தடவை போகிறார்கள் என்று குறிக்க, சூப்பர்வைசர் பாண்டித்துரை நோட்டும் கையுமாக பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பான். அதனாலேயே அங்கே பெண்கள் யாரும் தண்ணீரைத் தொடுவதில்லை. பிளாரன்ஸும் ஒரு லிட்டரைத் தாண்டவில்லை. ஆராய்ச்சி டைரியில் மட்டும் மூன்று என்று எழுதிவந்தாள். வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. மாத்திரையை விட அவளுக்கு மனசில்லை.

ஏழாவது வாரம் விலாவலி அவளைச் சுருட்டிப் போட்டது. கல்தான். இந்துமதி மாத்திரையை நிறுத்திவிட்டு டைரியைக் காட்டிக் கேட்க, பிளாரன்ஸ் ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள். சொன்னபடி தண்ணீர் குடிக்காததால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதினாள் டாக்டர்.

"பொய் எழுதுனது நாந்தான், அதை எழுதுங்க," என்றாள் பிளாரன்ஸ். "ஆனா குடிக்கலன்னு எழுதாதீங்க டாக்டரம்மா. குடிக்க விடலன்னு எழுதுங்க. வேலைக்குப் போறவளுக்குந்தான மருந்து தேடுதிய?"

இந்துமதி எழுதியதை அடித்தாள். கம்பெனியில் குடிக்க விடவில்லை என்று எழுதினாள். அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் பிளாரன்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கல் இறங்கி வேலைக்குத் திரும்பிய அன்று, மதியத்துக்குள் மூன்றாவது தடவை பாத்ரூமுக்குக் கிளம்பினாள். பாண்டித்துரை குறுக்கே கை நீட்டினான்.

"வழிய விடுலே. இல்லன்னா இங்கனயே ஒண்ணுக்கு இருந்துருவேன், நீதான் கழுவணும்."

கை இறங்கியது. சாயங்காலம், ஒரு வாரத்துக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

மறுநாள் காலை அவள் வந்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து மற்றவர்களை மட்டும் விட்டான். கூட இறால் உரிக்கிற ஜெனிஸும் முத்துக்கனியும் உள்ளே போகாமல் அவள் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். பிறகு யாருமே போகவில்லை. உள்ளே கூடை கூடையாக இருந்த இறாலின் மேல் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேனேஜரே வந்து எல்லாரையும் கூப்பிட்டார், பிளாரன்ஸையும் சேர்த்து. அந்த நோட்டு வாசலில் இருக்கிறவரை வரமாட்டோம் என்றாள் அவள்.

நோட்டை எடுத்தார்கள். விரல் இன்னும் பாதிதான் நிமிர்கிறது.