எதிரணிக்கு அறுபது சீட்டு

கபிரியேல் பட்டியலின் மேல் விரலை இரண்டாவது தடவையும் ஓடவிட்டார். விரல் அறுபதாவது பெயரில் போய் நின்றது.

"உன்ரை பேர் இதிலை இல்லைப் பிள்ளை."

தர்மிளா அதை முதல் தடவையே கண்டுவிட்டாள். ஆய்வுகூடத்தில் குழாய்களின் ஒட்டுச்சீட்டுகளை நாள் முழுக்கத் தலைகீழாகப் படிக்கிறவளுக்கு எதிர்ப்பக்கம் இருந்து ஒரு பட்டியலைப் படிப்பது பெரிய வேலை இல்லை.

பாரிசின் லா சப்பலில் கபிரியேலின் பலசரக்குக் கடை. பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மடிப்பு மேசை. வெண்சங்கு கழகத்தின் செயலாளர் என்ற முறையில் அங்கே இருந்துதான் அவர் நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை புறநகரான லெ பிளாங்-மெனிலில் வெண்சங்குக்கும் செவ்வலைக்கும் பந்தாட்டம். யாழ்ப்பாணக் கரையில் அடுத்தடுத்த இரண்டு கத்தோலிக்கக் கோயில் பங்குகளின் கழகங்கள் அவை. பாரிசுக்கு வந்த பிறகும் முறைத்துக்கொள்வதை விடவில்லை. அது செவ்வலை வழக்கமாக ஆடும் மைதானம். அதனால் வெண்சங்கு எதிரணி.

எதிரணிக்கு அறுபது சீட்டு. ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கும். அடையாள அட்டையோடு நேரில் வந்து வாங்க வேண்டும். லா சப்பலிலிருந்து ஒரே பேருந்தில் போய், ஒரே வாசலால் நுழைந்து, தூரத்துக் கோலுக்குப் பின்னால் கம்பிக்கூண்டுக்குள் இருக்க வேண்டும். போன வருடத்துச் சண்டைக்குப் பிறகு மைதானத்தைத் திரும்பத் தருவதற்கு நகரசபை போட்ட நிபந்தனைகள் பாதி. இரண்டு கழகங்களும் ஒன்றையொன்று நம்பாமல் தாங்களாகச் சேர்த்தவை மீதி.

"நான் எங்கடை பங்கிலை பிறந்தனான் அண்ணை. தனூஜன்ரை அக்கா."

"அது எனக்குத் தெரியாதே? உன்ரை கலியாணத்திலை நானும் சாப்பிட்டனான். அதுதான் இப்ப பிரச்சினை. ஏழாம் விதியைப் பார். கலியாணம் முடிச்ச பொம்பிளையள் மனுசன்ரை பங்குப் பட்டியலிலை. நீ இப்ப செவ்வலை. அங்கை போய்க் கேள், முன்வரிசையே தருவாங்கள்."

தன் சீட்டுக்காகக் காத்திருந்த ஜெர்மேன் சிரித்தார். "உளவு பாக்க அனுப்பி இருக்கிறாங்களோ தெரியாது."

தர்மிளா நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிறவள் அல்ல. வேறு நாளென்றால் திரும்பிப் போயிருப்பாள். அன்று போகாமல் நின்றாள்.

போன வருடம் ஆட்டம் முடிந்து வாசலில் நடந்த சண்டையில், அவளுடைய கணவன் யூலியன் அவளுடைய தம்பியின் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். தனூஜன் இரும்புத் தூணில் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. இரண்டு கழகங்களும் நடத்திய விசாரணையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் காணேல்லை" என்றாள். இரண்டு மீற்றர் தூரத்தில் நின்றவள் அவள். சாட்சி இல்லாததால் யூலியனுக்குத் தண்டனை இல்லை.

அன்றோடு தனூஜன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். தொலைபேசியை எடுப்பதில்லை. வில்லியே லே பெல்லில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் கூடும். அவன் வெண்சங்கின் கோல் காப்பாளர். அவனுக்குப் பின்னால், அந்த அறுபது பேருக்குள் ஒருத்தியாக, எல்லோரும் பார்க்க அவள் இருக்க வேண்டும். அவன் திரும்பும்போது காண வேண்டும். வேறு வழி அவளுக்குத் தோன்றவில்லை.

"ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டுவந்தால்?"

கபிரியேல் மூக்கைச் சொறிந்தார். "கொண்டு வா. ஆனா மூண்டு மாசத்துக்கு உள்ளை எடுத்ததா இருக்கோணும்."

முப்பது வருடம் விசாவுக்காகப் பிறிபெக்சர் அலுவலக வரிசைகளில் நின்று கேட்ட வசனம் அது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்வது அவருக்கு இனித்தது.

அன்றே அவள் ஊர்ப் பங்குத் தந்தைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். நாலாம் நாள் சான்றிதழ் படமாக வந்தது. வேலையிடத்தில் அச்செடுத்து, மேலே இருந்த தன் பெயரையும் கோயில் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு, மடியாமல் ஒரு உறைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனாள்.

கபிரியேல் கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரி வரை படித்தார். பிறகு ஓரத்தில் இருந்ததைப் படித்தார். கலியாணம் உலகத்தில் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்துவிடுவது கோயில் வழக்கம். புதிதாக எடுக்கும் பிரதியில் அந்தக் குறிப்பும் சேர்ந்து வரும்.

"திருமணம், பாரிஸ். மணமகன் யூலியன்." அவர் சத்தமாக வாசித்தார். "மணமகன்ரை பங்கு எது எண்டும் வடிவா எழுதியிருக்கு. பங்குச் சுவாமியே உன்னைச் செவ்வலை எண்டு சொல்லிப்போட்டார். இனி ஆரிட்டை முறைப்பாடு குடுக்கப் போறாய், பாப்பரசரிட்டையோ?"

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"விசாரணையிலை நீ ஒண்டும் காணேல்லை" என்றார் கபிரியேல், குரலைத் தாழ்த்தாமல். "இதையும் காணேல்லை எண்டு நினை."

அன்று பின்னேரம் யூலியன் சாப்பாட்டு மேசையில் ஒரு சிவப்புச் சீட்டை வைத்தான்.

"எங்கடை பக்கம், மூண்டாம் வரிசை. என்ரை கையெழுத்திலை எடுத்தது. நீ ஏதும் குழப்படி செய்தா எனக்கு ஒரு வருசத்துக்கு வாசல் பூட்டு. விளங்குதே?"

"ஓம்."

"அவனுக்குக் கை தட்டினாலும் குழப்படிதான்."

ஞாயிறு. முதல் பாதியில் தனூஜன் தூரத்துக் கோலில், தன் அறுபது பேருக்கு முன்னால் நின்றான். வெண்சங்கு ஒரு கோல் போட்டது. கூண்டுக்குள் இருந்தவர்கள் கம்பியைப் பிடித்து ஆட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. எந்த விதியாலும் தடுக்க முடியாத ஒன்று அது. தனூஜன் நடந்து வந்து செவ்வலைக்காரருக்குப் பக்கத்துக் கோலில் நின்றான். அவர்கள் இதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"சங்கு, காறை எலும்பு கவனம்."

"ஆரடா உன்னைத் தள்ளினது?"

"அக்காவைக் கேளுங்கோ. அவ காணேல்லையாம்."

வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். யூலியனும் சிரித்தான். தனூஜன் திரும்பவில்லை. கையுறையின் பட்டியை இழுத்து இறுக்கினான்.

அடுத்த பந்து அவனுடைய இடப்பக்கம் வந்தது, காறை எலும்பு முறிந்த தோளின் பக்கம். அவன் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டு அந்தத் தோளிலேயே விழுந்தான். தர்மிளாவின் கைகள் இரண்டு தடவை தட்டின. அவ்வளவுதான். அந்த இரண்டும் எல்லோருக்கும் கேட்டன.

முன்வரிசையில் இருந்த லூசியா திரும்பினார். கழகத்தின் மகளிர் அணித் தலைவி அவர். "ஆருக்குத் தட்டினனீ?"

"தம்பிக்கு."

"இஞ்சை தம்பி கிம்பி ஒருத்தரும் இல்லை. சிவப்பு மட்டும்தான்." லூசியா கையைத் தூக்கிக் காவலாளியைக் கூப்பிட்டு, "இவ அவங்கடை ஆள்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

காவலாளி ஒலிவியேக்கு இரண்டு கழகத்தின் பெயரும் வாயில் நுழையாது. சீட்டை வாங்கினான், யூலியனின் பெயரைக் குறித்துக்கொண்டான், வாசலைக் காட்டினான். வெளியே போனவர் திரும்ப வர முடியாது என்பதையும் மரியாதையாகச் சொன்னான். யூலியன் அவளைப் பார்க்கவில்லை. "சந்தோசமே?" என்று மைதானத்தைப் பார்த்துக் கேட்டான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மதிலைச் சுற்றி நடந்து, தனூஜனின் கோலுக்குப் பின்னால் இருந்த தெருவுக்கு வந்தாள். மதில் அங்கே முடிந்து உயரமான கம்பிவலை தொடங்கியது. அந்த இடத்தில் நிற்கச் சீட்டுத் தேவையில்லை. நிற்க வேறு யாரும் இல்லை.

கடைசி நிமிடங்கள். வெண்சங்கு இன்னமும் அந்த ஒரு கோலால் முன்னால். செவ்வலைக்காரன் ஒருவன் அவசரத்தில் ஓங்கி உதைத்த பந்து கோலுக்கு மேலால், வலைக்கும் மேலால் பறந்து தெருவில் விழுந்து உருண்டது. மாற்றுப் பந்து ஏற்கெனவே பக்கத்து வீட்டுக் கூரையில் கிடந்தது. தர்மிளா ஓடிப்போய் எடுத்தாள்.

தனூஜன் வலையடிக்கு வந்தான். முகம் முழுக்க மண்.

"இப்ப என்னைக் காணுறியோ?" என்றான்.

"ஓம்." பந்தை நெஞ்சோடு வைத்திருந்தாள். "அண்டைக்கும் கண்டனான்."

 அவனுக்குப் பின்னால் செவ்வலைக் கூட்டம் எழுந்து நின்றது. "எறியடி பந்தை." "அவள் வேணுமெண்டு செய்யிறாள்." அவற்றுக்கு நடுவே யூலியனின் குரல், "தர்மி, மரியாதையா எறி."

அவள் பந்தைத் தூக்கினாள்.

"கெதியா எறியாதை" என்றான் தனூஜன். உதடு அசையவில்லை. "இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு. தோள் நல்லா நோகுது."

தர்மிளா பந்தைக் கீழே வைத்தாள். குந்தி இருந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். நடுவர் விசில் ஊதினார். அவள் நாடாவை ஒரு நுனியும் கூடாமல் குறையாமல் அளவு பார்த்து, மெதுவாக முடிச்சுப் போட்டாள். உள்ளே இருந்து ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்து கம்பிவலையில் மோதி விழுந்தது. அவள் எழும்பப் போனாள்.

"மற்றக் காலும், அக்கா" என்றான் தனூஜன்.