காற்று என்று ஒன்று கிடையாது

ஞாயிறு காலை எட்டு மணிக்கு விபாவா ஆற்றுப் பாலத்தருகே வந்து நின்றவர்கள்: அறுபத்திரண்டு வயது சைக்கிள் சங்கத் தலைவர் ராதிவோய், ஏழு கிலோ கார்பன் சைக்கிளோடு பல் மருத்துவர் இஸிதோர், ஒரே சட்டையும் ஒரே கறுப்புக் கண்ணாடியும் போட்ட இன்னும் மூன்று பேர், புது டிரைவர் முடிவாகும்வரை வேனை ஓட்டுவதற்காகத் தலைவரின் மனைவி ஸோரா, கடைசியாக மர ஆலையில் வேலை பார்க்கும் எகோன், பதினேழு கிலோ பழைய சைக்கிளோடு.

எட்டாவதாக, மலையிலிருந்து இறங்கி ஆளையே தள்ளும் புர்யாக் காற்றும் வந்திருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சங்கத்தின் விதி எளிது. வருஷத்தின் முதல் ஓட்டத்தில், கோல் மேட்டுக்கு ஏறும் வழியில் எவன் முதலில் வேனில் ஏறுகிறானோ, அந்த வருஷம் முழுக்க அவன்தான் வேன் டிரைவர். மேலே விடுதியில் மற்றவர்களுக்கு வைன், அவனுக்குத் தண்ணீர். விதியை எழுதியவர் ராதிவோய். போன இரண்டு வருஷமும் டிரைவர் எகோன்தான். மூன்றாவது முறையும் ஏற நேர்ந்தால் சைக்கிளை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

"தலைவரே, காத்து பலமா இருக்கே?" என்றான் எகோன்.

"காத்துன்னு ஒண்ணு கிடையாது தம்பி. கால்ல தெம்பில்லாதவன் கண்டுபிடிச்ச சாக்கு அது."

"பயமா இருந்தா பையில கல்லு போட்டுக்கடா," என்றான் இஸிதோர். "நம்ம வீட்டுக் கூரை ஓடெல்லாம் எப்படி நிக்குது? கல்லு வச்சுத்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். எகோன் சிரிக்கவில்லை. அவன் வீட்டுக் கூரையிலிருந்து இதுவரை ஒரு ஓடு பறந்ததில்லை. ஆற்றோரம் இறங்கி நான்கு கல் பொறுக்கிவந்து, பின்பக்கப் பைகளில் பக்கத்துக்கு இரண்டாகப் போட்டான்.

"நெஜமாவே போடுறான்டா!"

முதல் வளைவிலேயே மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்தார்கள். வேனும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. எகோன் கடைசி கியருக்கு இறங்கினான். மேட்டை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் முன்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு மிதி, ஒரு மூச்சு. ஒவ்வொரு வளைவிலும் இஸிதோரைத் திட்டினான். ஐந்தாவது வளைவில் அவனுடைய வம்சத்தையே திட்டிவிட்டு, கற்களை வீசி எறிய இறங்கினான்.

அப்போது புர்யா அடித்தது. சாலையோரப் பலகை வளைந்து தரையைத் தொட்டது. சைக்கிள் அசையவில்லை. எகோன் கையிலிருந்த கல்லைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் வேன் நின்றிருந்தது. இஸிதோரின் ஏழு கிலோ சைக்கிள் வேலிக்கம்பியில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது. அவன் வேனுக்குள் இருந்தான். மூன்று கறுப்புக் கண்ணாடிகளும் உள்ளேதான். முன் இருக்கையில் தலைவர்.

அவர் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினார். "தம்பி, நான் ஏறல. ஸோரா பயப்படுறாளேன்னு துணைக்கு உக்காந்திருக்கேன்."

"எனக்கென்ன பயம்?" என்றாள் ஸோரா. "மொத ஆளா ஓடி வந்து ஏறினது நீங்கதான்."

"சரி, நீயும் ஏறு தம்பி. தூக்கி எறிஞ்சிரும்."

"எது தலைவரே?"

"காத்துய்யா!"

"அப்படி ஒண்ணு கிடையாதுன்னீங்களே," என்றான் எகோன். மிதித்தான். கடைசி இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தான். நடக்கக் கூடாது என்று விதியில் இல்லை.

விடுதிக்குள் அவன் நுழைந்தபோது, வேனில் முந்தி வந்துவிட்ட எல்லோர் முன்னாலும் வைன் இருந்தது. ஸோரா கணவரின் கோப்பையை எடுத்து எகோன் முன்னால் வைத்தாள். காலியான இடத்தில் வேன் சாவியை வைத்தாள்.

"விதியைக் கொஞ்சம் திருத்தணும்," என்றார் ராதிவோய்.

"திருத்துங்க, அடுத்த வருஷம்," என்றாள் ஸோரா. " இப்ப வண்டி ஆடுது பாருங்க. போய்க் கொட்டகை மறைவுல நிறுத்துங்க, டிரைவர்."

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காற்று அவர் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தியது. புர்யா அடிக்கும்போது வெறும் தாழ்ப்பாள் நிற்காது. எகோன் எழுந்து போய்க் கதவுச் சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினான்.