பெயர் கேட்டு மலையேறியவர்

முதல் உலகச் சண்டை முடிந்து மூன்றாம் வருடம், படைக்குப் போனவர்களின் பெயர் பொறித்து ஒரு கல் நட முள்ளுக்குறிச்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். பெயர் திரட்டும் வேலை நாச்சிமுத்துவிடம் வந்தது. அரபு நாட்டுப் பாஸ்ராவில் வெள்ளைக்காரர் படைக்குக் கூலியாளாக இரண்டு வருடம் மண் சுமந்து திரும்பியவர் அவர். தன் பெயரோடு ஆறு பெயர்களை ஒரே மூச்சில் எழுதியவருக்கு ஏழாவதில் கை ஓடவில்லை.

ஏழாவது ஆள் கொல்லிமலைக்காரன். மிளகு விற்கச் சந்தைக்கு இறங்கியவன், இவர்களோடு சேர்ந்து கப்பலேறிவிட்டான். படைக்கு ஆள் எடுத்த எழுத்தர் ‘மலையான்’ என்று எழுதிக்கொள்ள, எல்லோருக்கும் அதுவே வாயில் வந்தது. காய்ச்சலில் சுருண்டு விழுந்த நாச்சிமுத்துவை, கொதிக்கும் மணலில் நாலு மைல் முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் சேர்த்தவன் அவன்தான். அடுத்த மாதமே வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். உயிரைக் காப்பாற்றியவனிடம் ஒரு நாளாவது பெயர் கேட்டோமா என்ற எண்ணம் நாச்சிமுத்துவின் நெஞ்சை அறுத்தது.

மலையான் என்றே வெட்டிவிடலாம் என்றார் ஊர்க்கவுண்டர். நாச்சிமுத்து ஒப்பவில்லை. கல்தச்சரிடம் பத்து நாள் தவணை கேட்டுக்கொண்டு மலையேறினார்.

மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. குண்டனி நாட்டில் ஊர் ஊராக விசாரித்தும் துப்புக் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் எடப்புளி நாட்டில், சாமைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த கண்ணாயி என்ற பெண்ணிடம் அடையாளம் சொன்னார். நல்ல உயரம், சிரித்த முகம், இடது காதில்...

“கரடி கடிச்ச தழும்புங்களா?” என்றாள் அவள். கையிலிருந்த களை நழுவியது. “எங்கண்ணனுங்க. காளியண்ணன்.”

வரப்பில் உட்கார்ந்து நாச்சிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று மட்டும் கேட்டாள்.

“நாந்தாம்மா இருந்தேன். தண்ணி குடுத்தேன். பேருதான் கேக்காம உட்டுட்டேன்.”

“இப்பக் கேட்டு வந்துட்டீங்களே. இருக்கறானா இல்லையான்னு தெரியாம ஒரு காரியமும் பண்ணாம கெடந்தோமுங்க. இனிப் பண்ணலாம். நீங்களும் இருந்து பண்ணிக் குடுங்க.”

அதிலிருந்து மூன்றாம் நாள் காளியண்ணனின் அண்ணன் கருப்பண்ணன் காரியம் செய்தபோது, நாச்சிமுத்துவையும் கூட நிறுத்தி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார். தம்பிக்குச் செய்வதுபோலவே செய்தார் நாச்சிமுத்து.

கல் நட்ட அன்று எடப்புளி நாட்டிலிருந்து நாற்பது பேர் இறங்கி வந்தார்கள். காளியண்ணன் பெயர் முதலில் இருந்தது. அப்படித்தான் வெட்ட வேண்டும் என்று சண்டை பிடித்தவர் ஊர்க்கவுண்டரே. கண்ணாயி கல்லுக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்தாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அன்று நாச்சிமுத்து வீட்டில்தான் சாப்பாடு.