பாலைப் பலகை

ஜவாஹிரை அடக்கிய நாற்பத்தோராம் நாள் அவருடைய வீட்டுக் கதவில் காளான் முளைத்தது. முசலிப் பக்கம் மழையைக் கண்டு நான்கு மாதமாகியிருந்தது. பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் வந்து பார்த்தார். "இத்தாவில வெளியில போகாம இருக்கிற உனக்கு வீடு தேடிக் கறி வந்திருக்கு, நசீறா" என்றார். ஜவாஹிரின் மனைவி நசீறா சிரித்துவிட்டு, காளானை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினார். அடுத்த வாரம் அலுமாரி பாண் ரொட்டி போல மெத்தென்றாகியது. விரல் வைத்த இடம் குழிந்தே கிடந்தது. பிறகு கதிரைகள் போயின, ஜன்னல்கள் போயின.

அவரை அடக்கிய மையவாடியில் இதற்கு நேர்மாறு. வழக்கமாகக் கபுறுக் குழியில் மையித்தின் உடலுக்கு மேல் அடுக்கும் பலகை உக்கும், மண் இறங்கும், ஆண்கள் போய் இன்னும் கொஞ்சம் மண் போடுவார்கள். ஜவாஹிரின் கபுறு ஒரு வருடமாகியும் இறங்கவில்லை. அடுக்கியவர்கள் யோசித்துப் பார்த்து, அது பாலை மரத்தின் வைரம் என்றார்கள். தூக்கும்போதே பாரமாக இருந்ததாம். பாலையின் வைரத்தில், அந்த நடுக்கட்டையில், பங்கசுப் பூஞ்சணம் நுழையாது. அங்கே நுழைய முடியாதது இறந்தவரின் வீட்டுக்கு வந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. கபுறைத் தோண்ட முடியாது. பலகை யாருடையது என்று கேட்டால், அன்றைய அவசரத்தில் நசீறாவின் முற்றத்தில் சாய்த்திருந்ததை எடுத்தோம் என்றார்கள். நசீறா உள்ளே போய்க் கட்டில் விரிப்பை உதறிப் போட்டார்.

இரண்டாம் வருடம் கூரையைத் தாங்கிய தீராந்தி மரம் தொய்ந்தது. கீரி என்ற ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் றுமைஸா லொறியோடு வந்தாள். வீட்டில் உக்காமல் நின்றது தாயின் கட்டில் ஒன்றுதான்.

"உம்மா, இது எப்ப தலையில விழுமெண்டு தெரியாது. ஏறுங்கோ."

"நான் வரேல்ல மகள்."

"சரி, கட்டிலையும் ஏத்துவம். அதைத் தூக்கி இறக்க ஒரு மருமகன் அங்க இருக்கிறார்தானே."

"அதைத் தொடாத!"

றுமைஸா ஏற்கெனவே தொட்டுவிட்டாள். கட்டில் பலகை சில்லென்று நனைந்திருந்தது. முற்றத்தில் வெயில்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"மையவாடியில மழை."

றுமைஸா எட்டிப் பார்த்தாள். ஊரின் மறுகோடியில், அந்த ஒரு துண்டு நிலத்தின் மேல் மட்டும் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

நசீறா கட்டிலில் உட்கார்ந்தார். "பொம்புளயள் அங்க போறதில்லத்தானே. வாப்பாவுக்கு மேல கிடக்கிறது இந்தக் கட்டில்ட மற்றப் பாதி. நான்தான் அறுப்பிச்சு முற்றத்தில சாத்தினனான். அவர் புரண்டு படுத்தா எனக்கு இங்க தெரியும்."

றுமைஸா லொறிக்காரரைத் திருப்பி அனுப்பினாள். கூரைக்கு எத்தனை இரும்புக் குழாய் வேண்டுமென்று அளக்கத் தொடங்கினாள்.